அளவுக்கு உட்பட்ட கழுத்து

“முழுங்காதீங்க” என்று சொன்னதும் அவர் முழுங்குவதை நிறுத்திவிடுகிறார். கேட்பதற்கு இது பெரிய காரியமாகத் தோன்றாது. செய்து பார்த்தால்தான் தெரியும்: அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் நம்மில் மற்றவர்களுக்கு எங்கிருந்தோ எச்சில் ஊறுகிறது, தொண்டை நம்மைக் கேட்காமலே ஏறி இறங்குகிறது. அவருக்கு அந்தத் தொல்லை கிடையாது. தோளுக்கடியில் சுருட்டி வைத்த துண்டு, பின்னுக்குச் சரிந்த தலை, கூரையை நோக்கி நிமிர்ந்த தாடை, விலாவோடு ஒட்டிய கைகள். ஒரு மாணவர் குளிர்ந்த ஜெல்லைப் பிதுக்கி, ஒரு யானையின் கழுத்துக்குப் போதுமான அளவு பூசுகிறார். ஸ்கேன் கருவியின் புரோபை, கழுத்தில் வைத்து நகர்த்தும் அந்தக் கைப்பிடியை, எங்கே வைப்பது என்று தேடுகிறார். படுத்திருப்பவர் கண்ணை மட்டும் உருட்டி, உதட்டை அசைக்காமல், “பதறாத தம்பி, அது எங்கயும் ஓடிப்போயிடாது” என்கிறார்.

“அது” என்பது அவருடைய தைராய்டு சுரப்பி.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஸ்கேன் பிரிவில், கழுத்தைப் பார்க்கப் பழகும் மாணவர்களுக்கு அவர் மதிய வேளைகளில் தம் கழுத்தைக் கொடுத்து உதவுகிறார். கழுத்தைக் கொடுப்பது என்றால் வேறு அர்த்தம் வந்துவிடும். படுத்துக் காட்டுகிறார் என்று திருத்திக்கொள்ளலாம். அந்தக் கட்டடத்தில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நோயில்லாதவர்களுக்குத்தான். உடம்பில் ஒன்றும் இல்லாதவர் ஆஸ்பத்திரிக்கு எதற்கு வரப்போகிறார்? ஆனால் ஒழுங்கான ஒன்றைப் பார்த்துப் பழகாமல் கோளாறானதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள முடியாது. இந்தச் சிக்கலுக்கு விடையாக அந்தப் பிரிவுக்கு வாய்த்தவர் இவர். மாணவர்கள் வைத்த பெயர் “நார்மல் அண்ணன்”. அவர்களுடைய ஆசிரியரான டாக்டருக்கும் அவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். யார் புரோபைக் கையில் எடுத்தாலும் “மெதுவா, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அவர் “மெதுவா சார்”.

அந்த அறையின் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவரின் தைராய்டு எவ்வளவு இருந்தால் சரி என்று சொல்லும் அட்டை. வலது, இடது என்று இரண்டு மடல்கள். ஒவ்வொன்றும் நாலிலிருந்து ஆறு சென்டிமீட்டர் நீளம் இருக்கலாம். அகலமும் தடிமனும் ஏறக்குறைய இரண்டுக்குள் நிற்க வேண்டும். மடல்களை நடுவில் இணைக்கும் சின்னப் பாலம் அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் பெருக்கிக் கிட்டத்தட்டப் பாதியாக்கினால் ஒரு மடலின் கன அளவு. இரண்டையும் கூட்டினால் ஆண்களுக்கு இருபத்தைந்து மில்லிலிட்டர், பெண்களுக்குப் பதினெட்டு. இதற்குள் இருப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

நம் ஆளுக்கு இது மனப்பாடம். “வலது அஞ்சு ஒண்ணு, இடது நாலு எட்டு, பாலம் மூணு மில்லிமீட்டர்” என்று, மகள் வாங்கிய மார்க்கைச் சொல்லும் தகப்பனைப்போலச் சொல்வார். இதில் ஒரு தவறும் இல்லை. தவறு அடுத்த வாக்கியத்தில்தான் தொடங்கும்: “அந்த அட்டையே என்னையப் பாத்து எழுதுனதுதான்.” அட்டை அவர் அங்கே காலடி வைப்பதற்கு வெகு காலம் முன்பே மஞ்சளாகிவிட்டது. மெதுவா சார் இதைச் சொல்லிப் பார்த்துக் கைவிட்டுவிட்டார். தைராய்டு பட்டாம்பூச்சி வடிவம் என்று புத்தகங்கள் சொல்வதையும் நம் ஆள் ஒத்துக்கொள்வதில்லை. “ரெண்டு பொடி மீனை எதிரெதிரா நிறுத்தி, நடுவுல ஒரு நூலால கட்டுன மாதிரி இருக்கு. பட்டாம்பூச்சியாம்! பட்டாம்பூச்சிக்குத் தடிமன் எங்கய்யா இருக்கு?”

மீன் அவருக்குத் தெரிந்த விஷயம். காலையில் அவர் துறைமுகத்து மீன் கூடத்தில் ஏலம் விடுபவர். ஈரத் தரை, ஐஸ் துண்டுகள், வரிசையாக வைத்த கூடைகள், ரப்பர் பூட்ஸ் போட்ட கூட்டம். இவற்றுக்கு மேலே அவருடைய குரல் போகும். ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்தார்கள். அது தம் குரலைத் தணிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடத்தில் அவர் பெயர் “சங்கு”. நங்கூரம் போட்ட படகுகளில் தூங்குகிறவர்கள் அவரைத் திட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள், கடிகாரத்தைத் திட்டுவதைப்போல. அப்படிப்பட்ட தொண்டை மதியமானால் ஓர் இருட்டறையில் சத்தமில்லாமல் கிடக்கிறது. அவர் இதை ஒரே மூச்சில் விளக்கிவிடுவார்: “காலைல விக்கிற தொண்டை, மத்தியானம் காட்டுற தொண்டை.”

கழுத்தைத் தவிர மற்றதில் அவரை நார்மல் என்று சொல்ல யாரும் துணிய மாட்டார்கள். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு கூடத்துக்குப் போவார். செதில் தெறிப்பது கெட்ட பக்கத்தில் தெறிக்கட்டும் என்பது வாதம். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அதைக் கழற்றி நல்ல பக்கம் திருப்பிப் போடுவார். அதைப் பார்க்க நேர்ந்த நர்சுகள் பழகிக்கொண்டார்கள். கடிகாரத்தை வேகமாக வைத்திருப்பதால் எல்லா இடத்துக்கும் முன்கூட்டியே போய்விட்டு, நேரத்துக்கு வருகிறவர்களைத் தாமதம் என்று கடிந்துகொள்வார். அவருக்கு ரகசியம் பேச வராது. பக்கத்து வீட்டுக்காரரின் கடனைப் பற்றி மனைவியின் காதில் அவர் கிசுகிசுத்தது பக்கத்து வீட்டுக்காரருக்கே கேட்டு, இரண்டு குடும்பங்களும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. சாப்பாட்டில் உப்பு, சண்டையில் வார்த்தை, விருந்தில் உபசாரம் எதிலும் கை தாராளம். பள்ளியில் வாத்தியார், வீட்டில் தகப்பனார், பிற்பாடு மாமனார் என்று மூன்று பேர் தீர்ப்பும் ஒன்றுதான்: “இவன் எதுலயும் ஒரு அளவுல நிக்க மாட்டான்.”

அப்படிப்பட்டவர் அட்டைக்குள் வந்து சேர்ந்தது மனைவியின் உபயம். கூடத்துக்கு வெளியே மீன் வெட்டிக் கொடுப்பது அந்த அம்மாளின் வேலை. அதிகம் பேச மாட்டார். பேசுகிற அன்று கையில் கத்தி வேறு இருக்கும். எதையும் நிதானமாக, எண்ணி, துடைத்துச் செய்கிறவர். அவருக்குக் கழுத்தில் லேசாக வீக்கம் தெரிந்து, ஸ்கேன் எடுக்க இருவருமாக வந்தார்கள். இரண்டு சின்னக் கட்டிகள், பயப்பட ஒன்றுமில்லை, வருஷத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துக்கொண்டால் போதும் என்றார் மெதுவா சார். அன்றைக்கு அவருக்கு வேறு கவலை. மாணவர்களுக்குக் காட்ட ஒழுங்கான கழுத்து ஒன்றும் சிக்கவில்லை. வாசலில் நின்று உலகத்துக்கே கேட்கும்படி கவலைப்பட்டுக்கொண்டிருந்த கணவரைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் படுங்க” என்றார். படுக்க வைத்து, புரோபை வைத்து, அகலம் பார்த்து, நீளம் பார்த்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்று சொன்னார்:

“அட, புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கே!”

அதுவரை அவரைப் பற்றி யாரும் சொல்லியிராத வாக்கியம். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிவிக்கப்பட்டது. “ஊரையே கூட்டுற தொண்டை நார்மலாம். வாயே தொறக்காத என் தொண்டைல கட்டியாம்” என்று மனைவி சொன்னதோடு சரி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேலைக்கு ஏற்ற பழக்கங்கள் சேர்ந்தன. ஆஸ்பத்திரி நாட்களில் எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்து மீன் வாடையைப் போக்கிக்கொள்வார். முதலில் கழுத்துக்குப் பவுடரும் போட்டு வந்தார். ஜெல்லோடு சேர்ந்து அது பசையானதும் மெதுவா சார் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்த வைத்தார். மாணவர்களிடம் நார்மல் அண்ணன் கண்டிப்பானவர், ஆனால் அவருக்கே உரிய முறையில். யாராவது புரோபை அழுத்தி வைத்தால், “ஏம்மா, நசுக்குனா சப்பையாயிடும். அப்புறம் நான் சின்ன ஆளாயிடுவேன்” என்பார். இடது கையால் புரோப் பிடிக்கும் ஒரு பெண்ணை மட்டும் அவருக்குப் பிடிக்கும். “இந்தப் புள்ள கை மீன் மேல தண்ணி ஓடுற மாதிரி.” அந்தப் பெண்ணை எல்லாரும் இடக்கைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவருடைய பாராட்டு மற்றவர்களுக்கும் கேட்டுவிடுவதால் அவளுக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

இப்படியாக எல்லாம் அளவோடு நடந்துகொண்டிருந்தபோது தேர்வு வந்தது.

மாணவர்களுக்கு அது செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் நார்மல் அண்ணனின் கழுத்தை ஸ்கேன் செய்து அளவு சொல்ல வேண்டும். சரியான விடை என்ன என்பதை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முந்தின நாளே தம் கையால் அளந்து வைத்துக்கொள்வார். அந்த வருஷம் வந்தவர் ஓர் அம்மையார். கண்ணாடியைக் கழற்றினால் கோபம், போட்டால் அதைவிடக் கோபம் என்று பெயரெடுத்தவர். பழகாத ஊர், பழகாத மிஷின். கழுத்துக்கென்று இருக்கும் நேரான புரோப், தன் அகலத்துக்கு மேல் காட்டாது. அது நாலு சென்டிமீட்டர். அதைவிட நீளமான மடல் ஒரே படத்தில் அடங்குவதில்லை. தம் ஊரில் செய்கிறபடி, மேல் பாதியை ஒரு படமாகவும் கீழ்ப் பாதியை ஒரு படமாகவும் எடுத்து, திரையில் இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அளந்தார். ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றினார். போட்டுக்கொண்டார்.

“இவரை யார் நார்மல்னு சொன்னது?”

“ஏன் மேடம்?” என்றார் மெதுவா சார்.

“வலது மடல் ஆறு புள்ளி ஆறு. உங்க அட்டைல மேல் எல்லை ஆறு.”

“நாங்க அளந்தப்ப அஞ்சு ஒண்ணுதான் மேடம். மொத்தக் கன அளவும்…”

“தேர்வுக்கு நான் அளந்ததுதான் கணக்கு. கன அளவு சரியாத்தான் இருக்கு. இவருக்கு நோய்னு நான் சொல்லவே இல்ல. ஆனா தேர்வுல நார்மல்னு பேர் போட்டுப் படுக்க வைக்கிற கழுத்து எல்லாக் கட்டத்துலயும் உள்ள நிக்கணும். நாளைக்கு வேற ஆளைப் பாருங்க.”

பேச்செல்லாம் அவர் கழுத்துக்கு மேலேயே நடந்தது. அப்போதுதான் அவர் முழுங்கினார்.

“மேடம், எனக்கு ஏதாவது…?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. தைரியமா இருங்க. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஆகாது.”

உனக்கு ஒன்றும் இல்லை என்ற செய்தியைக் கேட்டு இவ்வளவு துக்கப்பட்ட மனிதர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை. கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டையை எந்தப் பக்கமாகப் போடுகிறோம் என்று பார்க்காமல் போட்டுக்கொண்டு வெளியேறினார். கன அளவில் யோக்கியர், நீளத்தில் குற்றவாளி. மிச்சமிருந்த ஒரே ஒரு நற்சான்றிதழும் பறிபோயிற்று.

மறுநாள் காலை மீன் கூடத்தில் அவர் விட்ட ஏலம் மூன்றாவது வரிசைக்குக் கேட்கவில்லை. வாங்க வந்தவர்கள் குழம்பிப்போய், சிலர் தேவையில்லாத கூடைகளை வாங்கிக்கொண்டும் சிலர் தேவையான கூடைகளைத் தவறவிட்டும் போனார்கள். “சங்குக்கு என்னாச்சு?” என்ற கேள்வி கூடத்தைத் தாண்டி மனைவியின் வெட்டுப்பலகைவரை வந்து சேர்ந்தது. அவர் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார். கணவர் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்.

“போறவன் வர்றவன் எல்லாம் என்கிட்ட துக்கம் விசாரிக்கிறான். நான் என்ன பதில் சொல்ல?”

“ஒண்ணும் சொல்லாத.”

“அரை விரல் நீளத்துக்கா இந்த அழுகை? நான் கழுத்துல ரெண்டு கட்டியோட நடமாடல?”

“உனக்குப் புரியாது.” அதிசயமாக அவர் குரல் அவருக்கு மட்டும் கேட்டது, மனைவி குனிய வேண்டியிருந்தது. “நீ எல்லாத்துலயும் சரியா இருக்கிறவ. உனக்கு ஒண்ணு கொறஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது. எனக்கு சரின்னு இருந்ததே அது ஒண்ணுதான்.”

மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். பிறகு, அதட்டுகிற குரலில் கேட்டார்:

“ஒரு கூடை மீனை, எவனோ ஒருத்தன் தூக்கிப் பாத்து சொன்ன எடைக்கு என்னிக்காவது வித்திருக்கீங்களா?”

“அது எப்படி விப்பேன்? நாலு பேர் தூக்கிப் பாக்கணும்ல.”

“அப்ப இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க.”

ஆஸ்பத்திரியில் அதே வேளையில் தேர்வு தொடங்க முடியாமல் நின்றுகொண்டிருந்தது. மாற்று ஏற்பாடாக வாசல் காவலாளியைப் பிடித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அட்டையின்படி அவருக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் கூச்சம். புரோப் கழுத்தைத் தொட்டதும் சிரித்தார். சிரிக்காதீங்க என்றதும் முழுங்கினார். முழுங்காதீங்க என்றதும் இரண்டையும் சேர்த்துச் செய்தார். திரையில் சுரப்பி லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போய்வந்தது. மெதுவா சார் “மெதுவா” என்று சொல்வதையே மறந்து தலையில் கைவைத்திருந்தார். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் வாசலில் இவர் வந்து நின்றார், பின்னால் மனைவி.

“மேடம், உங்க கையைக் குத்தம் சொல்ல வரல” என்று தொடங்கினார். குரல் பாதி திரும்பியிருந்தது. “எங்க தொழில்ல ஒரு கூடையை ஒரு கையை நம்பி விக்க மாட்டோம். இங்க இத்தனை கை இருக்கு. எல்லாரும் அளக்கட்டும். எல்லாரும் ஆறு ஆறுன்னு சொன்னா, நான் இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்.”

தேர்வாளர் அவரைப் பார்த்தார், கட்டிலில் நெளிந்துகொண்டிருந்த காவலாளியைப் பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“சரி. ஆனா ஒருத்தர் அளக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. ஒவ்வொருத்தரா உள்ள வரணும், வலது மடலை அளக்கணும், நீளத்தை என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போகணும். படத்தை அழிச்சுடணும். சம்மதமா?”

“நாலு கண்ணு பாக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார்.

காவலாளி நன்றியோடு இறங்கினார். துண்டு சுருட்டப்பட்டது, தாடை நிமிர்ந்தது, முழுங்கல் நின்றது. மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலர் வயிறு பார்க்கும் வளைந்த புரோபை எடுத்தார்கள். அது விரிந்து காட்டும், மடல் முழுதாக அடங்கும். சிலர் நேரான புரோபிலேயே படத்தை விரித்துக் காட்டும் பொத்தானை அமுக்கினார்கள். இரண்டையும் மெதுவா சார்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒவ்வொருவரும் அளந்து, குனிந்து, தேர்வாளரின் காதில் முணுமுணுத்துவிட்டு வெளியே போனார்கள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவருக்கோ கூரையைத் தவிர வேறு காட்சியில்லை. நேற்றுவரை அந்தக் கட்டிலில் அவர் படுத்தது மற்றவர்களின் தேர்வுக்காக. இன்று தேர்வு எழுதுகிறவர் அவரே. எழுத அவரிடம் இருந்தது ஒரு சுரப்பி மட்டும். கடைசியாக இடக்கைக்காரி வந்தாள். அளந்தாள். காதில் சொன்னாள். வெளியே போகும்போது, விதிக்குப் புறம்பாக, அவர் கால் கட்டைவிரலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

எல்லாரும் திரும்ப உள்ளே அழைக்கப்பட்டார்கள். அவருடைய மனைவி வாசலிலேயே நின்றார். கையில் மீன் வாடை இருப்பதால் உள்ளே வர மாட்டேன் என்றுவிட்டார்.

“முதல் ஆள், அஞ்சு” என்றார் தேர்வாளர்.

படுத்திருந்தவரின் மார்பு ஏறி இறங்கியது.

“ரெண்டாவது ஆள், அஞ்சு புள்ளி ரெண்டு.”

“அஞ்சு ரெண்டு!” என்று ஒரு குரல் கூரையில் மோதித் திரும்பியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. ஓர் எண்ணைக் கேட்டதும் உரக்கத் திருப்பிச் சொல்லும் தொண்டை அது. அதைத் தடுத்து நிறுத்த இத்தனை நேரம் பட்ட பாடு போதும் என்று தொண்டையே முடிவு செய்துவிட்டது.

“அஞ்சு புள்ளி ஒண்ணு.”

“அஞ்சு ஒண்ணு! அஞ்சு ஒண்ணு கேட்டாச்சு! மேல யாரு?”

“நாலு புள்ளி ஒன்பது.”

“எறங்குது! நாலு ஒம்பது! அடுத்து, அடுத்து!”

“அஞ்சு புள்ளி ஒண்ணு.”

“திரும்பவும் அஞ்சு ஒண்ணு! ஏற மாட்டேங்குதே! சாமி, ஏறவே மாட்டேங்குதே!”

உலகத்தில் விலை ஏறவில்லை என்று கூத்தாடிய ஒரே ஏலக்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும். தாழ்வாரத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றார்கள். மேல்மாடியிலிருந்து ஒரு நர்ஸ் படியிறங்கி வந்தாள். மாணவர்கள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். “மெதுவா, மெதுவா” என்று மெதுவா சார் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. தேர்வாளர் ஒவ்வோர் எண்ணாக, தேர்வாளருக்கு உரிய குரலில் சொல்லிக்கொண்டே போனார். ஒன்றுகூட ஐந்தேகாலைத் தாண்டவில்லை. ஆறு புள்ளி ஆறு தன்னந்தனியாக நின்றது.

எல்லாம் முடிந்ததும் அவர் திரும்பி மிஷினில் முந்தின நாள் தாம் சேமித்த படத்தை எடுத்தார். திரையில் இரண்டு பாதிகள் பக்கம் பக்கமாக வந்தன. மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார். மேல் பாதியின் அடியில், வெள்ளைக் கோடு போட்ட ஒரு சின்ன ரத்தக்குழாய், தூண்டில் முள்போல வளைந்து தெரிந்தது. கீழ்ப் பாதியின் உச்சியிலும் தூண்டில் முள்போல வளைந்த ஒரு ரத்தக்குழாய்.

“ரெண்டும் ஒண்ணேதான்” என்றார். பிறகு சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி: “இங்க வந்து பாருங்க எல்லாரும். ஒரே குழாய் ரெண்டு படத்துலயும் இருக்கு. புரோபை நான் போதுமான அளவுக்கு நகர்த்தல. நடுத்துண்டை ரெண்டு தடவை எடுத்து, ரெண்டு தடவையும் எண்ணிட்டேன். இத்தனை வருஷத்துல நேத்துத்தான் என் கையே என்னை ஏமாத்துச்சு.” அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கோபக்காரர் என்று பெயரெடுத்தவர்கள் சிரித்தால் அறை கொஞ்சம் தடுமாறும். அந்த அறையும் தடுமாறியது. “படம் ஒட்டி அளக்கிறவங்க எல்லாரும் இதை ஞாபகம் வச்சுக்கணும். நான் சொல்லிக் குடுத்து நீங்க கத்துக்கிட்டிருக்க மாட்டீங்க. தப்பு பண்ணிக் காட்டியாச்சு.”

படுத்திருந்தவர் இதையெல்லாம் கேட்டாரா என்பது சந்தேகம். “மேடம், அப்ப எவ்வளவுன்னு நீங்க சொல்லுங்க” என்றார். மாணவர்கள் சொன்னதெல்லாம் அவருக்குக் காணாது. பறித்த கையே திருப்பித் தர வேண்டும்.

தேர்வாளர் வளைந்த புரோபைத் தம் கையால் எடுத்தார். ஜெல்லைப் பூசினார். யானைக்கு அல்ல, மனிதருக்குப் பூசுகிற அளவு. வலது மடல் மேல் முனையிலிருந்து கீழ் முனைவரை, ஒட்டில்லாமல், முழுதாகத் திரையில் வந்து படுத்தது. அதன் வயிற்றில் ஒரே ஒரு தூண்டில் முள். இந்த முனையில் ஒரு புள்ளி வைத்தார், அந்த முனையில் ஒரு புள்ளி வைத்தார்.

“அஞ்சு புள்ளி ஒண்ணு” என்றார். “எல்லாக் கட்டத்துக்குள்ளயும் நிக்கிறீங்க. நார்மல்.”

“அஞ்சு ஒண்ணு!” என்று அவர் எடுத்தார். துறைமுகத்தில் படகுகளை எழுப்பும் அதே குரல். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. “அஞ்சு ஒண்ணு, ஒரு தரம்!” தாழ்வாரத்தில் இருந்தவர்கள் வாசலுக்கு நெருங்கி வந்தார்கள். “அஞ்சு ஒண்ணு, ரெண்டு தரம்!” அங்கே நிறுத்தினார். இதற்கு மேல் கேட்கிறவர் யாராவது உண்டா என்று, கழுத்தில் ஜெல் வழிய, தலையை மட்டும் திருப்பி வாசலைப் பார்த்தார்.

கூட்டத்துக்கு முன்னால் அவர் மனைவி நின்றிருந்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கூடையை எடுத்துக்கொள்கிறேன் என்று மீன் கூடத்தில் வாங்குகிறவர்கள் வாய் திறக்காமல் சொல்வார்களே, அதேபோல, வலது கையின் ஒற்றை விரலை உயர்த்தினார்.

மூன்றாம் தரத்தை அவர் சொல்லவில்லை. படுத்தபடியே உள்ளங்கையால் கட்டிலின் இரும்பு விளிம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.